தலையங்க வாக்கியத்தின் சரித்திரம்

1878-ஆம் ஆண்டில் தி. முத்துசாமி ஐயர் சென்னை ஹைகோர்ட்டு நீதிபதியாக நியமனம் பெற்றபோது, இந்தியர் ஒருவருக்கு அப்பதவி தகுமோ என்று ஆங்கிலேயர் கையிலிருந்த பத்திரிகைகள் முகஞ்சுளித்து எழுதியதைப் பொறுக்காமல், திருவல்லிக்கேணியில் கூடிப் பழகிவந்த ஆறு இளைஞர்கள் கடன் வாங்கிய சொற்பப் பணத்தில் 80 பிரதிகள் அச்சிட்டு, அவ்வாண்டு செப்டம்பர் 20-ஆம் தேதி ‘ஹிந்து’ என்ற வாரப் பத்திரிகையை வெளியிட்ட வரலாறு பலரும் அறிந்ததே. அந்த அறுவரில் தலைமையானவராகிய ஜி. சுப்பிரமணிய ஐயர், 1882-இல் ‘சுதேசமித்திரன்’ என்ற பெயரால் தமிழிலும் ஒரு வாரப் பத்திரிகை தொடங்கியபோது அவர் முன் நின்ற சங்கடத்தைப் பற்றி மட்டும் யாரும் அதிகமாகப் பேசுவதில்லை. ஆங்கிலத்தில் அபிப்பிராயம் எழுதுவதற்கு லண்டன் பத்திரிகைகளின் மாதிரி அவர் கண்முன் இருந்தது. தமிழிலோ பழைய உரையாசிரியர்களின் வசனம் இருந்தது. பாதிரிமாரின் துண்டுப் பிரசுரங்கள் இருந்தன. ஆறுமுக நாவலர் செப்பனிட்டுக் கொடுத்த சைவ வசனம் இருந்தது. யாழ்ப்பாணத்தில் 1841 முதல் ‘உதயதாரகை’யும் இருந்தது. ஆனால் நாட்டை ஆளுகிறவர்களைப் பார்த்து, நீங்கள் செய்தது பிசகு என்று வாரந்தோறும் எடுத்துச் சொல்லவும், சொல்லிவிட்டு அடுத்த வாரமும் பத்திரிகை நடத்தவும் ஏற்றதாக ஒரு வாக்கியம் தமிழில் உருவாகியிருக்கவில்லை.

அந்த வாக்கியம் எப்படி உருவாயிற்று, யார் யார் கையில் எவ்வாறு மாறிற்று என்பதே இந்தக் கட்டுரையின் விஷயம். பத்திரிகைகளின் சரித்திரம் எழுதினவர்கள் ஆசிரியர்களின் கொள்கைகளையும் தியாகங்களையும் விரிவாகவே எழுதியிருக்கிறார்கள். அக்கொள்கைகளை வாசகர் மனத்தில் கொண்டுபோய்ச் சேர்த்த வாகனமாகிய வாக்கியத்தை, இலக்கண ஆசிரியர்களுக்கு உரியது என்று ஒதுக்கிவிட்டார்கள் போலும். ஒருவரைத் தம் கட்சிக்கு இசையச் செய்யும் காரியத்தில் பாதி, எதைச் சொல்கிறோம் என்பதில் இருக்கிறதென்றால், மறு பாதி எதை முன்னே வைத்து எதைப் பின்னே நிறுத்துகிறோம் என்பதில் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

தமிழ் வாக்கியத்தின் இயல்பு இதற்குத் தனியான ஒரு வசதியைக் கொடுக்கிறது. ஆங்கிலத்தில் எழுவாய்க்கு அடுத்தாற்போலவே வினை வந்துவிடுவதால், எழுதுகிறவர் ஆமென்கிறாரா இல்லையென்கிறாரா என்பது தொடக்கத்திலேயே வெளிப்பட்டுவிடுகிறது. நம்முடைய மொழியில் முற்றுவினை வாசலுக்கு வெகு தூரத்தில், வாக்கியத்தின் கடைசியில் உட்கார்ந்திருக்கிறது. அதுவரையில் எத்தனை வினையெச்சங்களை வேண்டுமானாலும் தொடுத்துக்கொண்டே போகலாம்; ‘ஆயினும்’ என்று ஒரு திருப்பம் திருப்பலாம்; ‘என்று’ என்னும் இடைச்சொல்லைக் கடைசியில் சேர்த்து, அதுகாறும் சொன்னது அத்தனையும் பிறர் கூற்று என்று ஒதுங்கிக்கொள்ளலாம். முடிவு இன்னதென்று தெரியாமையால் வாசகர் எழுதியவரோடு கூடவே நடந்து வரவேண்டியிருக்கிறது. அப்படி நடந்து வருகிறவர் வழியிலுள்ள ஒவ்வொரு காரணத்துக்கும் தலையசைத்துவிட்டு வருவதால், முடிவு வந்து சேரும்போது அதை மறுக்கும் தெம்பு அவருக்குப் பெரும்பாலும் இருப்பதில்லை.

இந்த வசதியை முதலில் கண்டுகொண்டவர்கள் பத்திரிகைக்காரர்களல்லர்; மகஜர் எழுதினவர்கள். 1852-இல் கஜுலு லட்சுமிநரசு செட்டியார் முதலியோர் கூடிச் சென்னையில் ஏற்படுத்திய சுதேசிகள் சங்கம் பிரிட்டிஷ் பார்லிமெண்டுக்கு அனுப்பிய விண்ணப்பத்தின் விளைவாக, வரி வசூலுக்காகக் குடியானவர்களைச் சித்திரவதை செய்த கொடுமையை விசாரிக்க ஒரு கமிஷன் ஏற்பட்டு, 1855-இல் அறிக்கையும் வெளியாயிற்று. மகஜரினால் காரியம் ஆகும் என்ற நம்பிக்கை அது முதல் இந்த மாகாணத்தில் வேரூன்றியது. மகஜர் என்பது முதலில் வணக்கமும், பிறகு அரசாங்கத்தின் தயாளத்தைப் பற்றிய ஸ்தோத்திரமும், அதன்பின் குறைகளின் வரிசையும், எல்லாவற்றிற்கும் கடைசியில் பிரார்த்தனையும் கொண்ட ஒரு நீண்ட அமைப்பு. அதன் மனுதாரரைப் போலவே அதன் வினைச்சொல்லும் கைகட்டிக் கடைசியில் நிற்கும். சுதேசமித்திரன் காலத்துத் தலையங்கம் இந்த மகஜரின் பிள்ளை என்றே நான் கருதுகிறேன். தகப்பனுடைய பணிவான தொடக்கத்தை அது வைத்துக்கொண்டது. பிரார்த்தனை இருந்த இடத்தில் மெல்ல ஒரு தீர்ப்பைக் கொண்டுவந்து வைத்தது.

மாதிரிக்கு நானே ஒரு வாக்கியம் அமைத்துக் காட்டுகிறேன். ‘துரைத்தனத்தார் நல்லெண்ணம் உடையவர்கள் என்பதில் எமக்கு யாதொரு சந்தேகமும் இல்லையாயினும், பஞ்சத்தில் அடிபட்டு இன்னும் எழுந்திராத குடியானவன் தலைமீது உப்புவரி முன்போலவே உட்கார்ந்திருப்பதைக் காணுமிடத்து, அந்த நல்லெண்ணம் சட்டப் புத்தகத்துக்குள் நுழைய வழி தெரியாமல் வெளியிலேயே நின்றுகொண்டிருக்கிறதோ என்று அஞ்சுகிறோம்.’ இதில் முற்றுவினை ‘அஞ்சுகிறோம்’ என்பதுதான். இலக்கணப்படி பார்த்தால் பத்திராதிபர் தம்முடைய அச்சத்தை மாத்திரமே வெளியிட்டிருக்கிறார். குற்றச்சாட்டு முழுவதும் எச்சங்களிலும் ஐயவினாவிலும் ஒளிந்திருக்கிறது. படிக்கிற குடியானவனுக்கு உள்ளே இருப்பது புரியும். வழக்குத் தொடர நினைக்கும் சர்க்கார் வக்கீலுக்கோ, பிடித்துக்கொள்ள ‘அஞ்சுகிறோம்’ என்ற வினை ஒன்றுதான் கிடைக்கும்.

சட்டம் அப்படிப்பட்டதாக இருந்தது. 1870-இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 124-ஏ என்ற ராஜத்துரோகப் பிரிவு சேர்ந்தது; 1878-இல் லிட்டன் பிரபு தேசமொழிப் பத்திரிகைகளுக்கென்றே ஒரு தனிச் சட்டம் செய்தார். அது சில ஆண்டுகளில் ரிப்பன் பிரபுவின் காலத்தில் நீங்கிற்று என்றாலும், 1897-இல் திலகர் மீது நடந்த வழக்குக்குப் பிறகு, 1898-இல் 124-ஏ பிரிவு இன்னும் விரிவாகத் திருத்தி அமைக்கப்பட்டது. சர்க்காரின் நடவடிக்கைகளைக் கண்டிக்கலாம், ஆனால் சர்க்காரின்மீது வெறுப்பையோ துவேஷத்தையோ உண்டாக்கலாகாது என்பது அதன் விளக்கங்களின் சாரம். செயலைக் குறை கூறவேண்டும், செய்தவனைக் குறை கூறலாகாது என்ற இந்த விசித்திரமான நிபந்தனைக்குள் நின்று எழுத வேண்டியிருந்தவர்களுக்கு, எழுவாயை மறைத்துவைத்தும் வாக்கியத்தை நிறைவாக முடிக்க இடங்கொடுக்கும் தமிழ் இலக்கணம் பெரிய சகாயமாக இருந்திருக்கும் என்பதில் சந்தேகமில்லை. சட்டப் புத்தகம் எழுதியவர்களுக்குத் தொல்காப்பியம் தெரிந்திருக்க நியாயமில்லை அல்லவா?

இன்னொரு வாசகரும் அக்காலத் தலையங்கங்களுக்கு இருந்தார். அவர் சந்தா கட்டியவரல்லர்; சென்னை அரசாங்கத்தின் மொழிபெயர்ப்பாளர். தேசமொழிப் பத்திரிகைகளில் வந்த முக்கியமான பகுதிகளை ஆங்கிலத்தில் சுருக்கி, அந்தரங்க அறிக்கையாக அவ்வப்போது அதிகாரிகளுக்கு அனுப்புவது அவருடைய இலாகாவின் வேலை. பன்னிரண்டு வரி ஓடும் ஒரு வாக்கியம் அவர் கைக்குப் போனால், ஆங்கில வழக்கப்படி முடிவு முன்னே வந்துவிடும்; முன்னே இருந்த மரியாதைகளும் காரணங்களும் வாலாகத் தொங்கும், அல்லது அறுந்து விழும். சில தலையங்கங்கள் தமிழில் இருப்பதைவிட அந்த அறிக்கைகளில் காரமாகவும், சில தலையங்கங்கள் உப்புச் சப்பில்லாமலும் தோன்றுவதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

சுப்பிரமணிய ஐயர் 1898-இல் ‘ஹிந்து’வை விட்டு விலகி, 1899-இல் சுதேசமித்திரனைத் தினசரியாக்கினார். 1904-இல் அங்கே உதவியாசிரியராக வந்து சேர்ந்த பாரதியார், மொழிபெயர்ப்பு மேஜையில் உட்கார்ந்து தந்திச் செய்திகளையும் ஆங்கிலப் பிரசங்கங்களையும் தமிழாக்கியே தமது வசனத்தைப் பழக்கிக்கொண்டவர். 1906-இல் ‘இந்தியா’ வாரப் பத்திரிகை தொடங்கிய பிறகு அவருடைய வாக்கியம் மகஜரின் சந்ததி என்ற அடையாளத்தை அடியோடு இழந்தது. எழுதுவது கூடியவரையில் பேசுவதைப்போல இருக்க வேண்டும் என்ற கொள்கை உடையவர் அவர். எதிரியை நேரே விளித்துக் கேட்பதும், இரண்டே சொல்லில் ஒரு வாக்கியத்தை முடித்து அடுத்ததை நீளவிடுவதும், பரிகாசத்தை எச்சத்தில் ஒளிக்காமல் முற்றிலேயே வைப்பதும் அவர் காலத்தில் தலையங்கத்துக்குப் புதியவை. அதற்குரிய விலையையும் அந்தப் பத்திரிகை கொடுத்தது. 1908-இல் அதன் ஆசிரியராகப் பதிவாகியிருந்த ஸ்ரீநிவாசன் ராஜத்துரோக வழக்கில் தண்டனை பெற்றார்; பாரதியார் புதுச்சேரிக்குப் போனார். ஆனால் அதே 1908-இல், கால் நூற்றாண்டாக ‘ஆயினும்’ போட்டு எழுதிவந்த சுப்பிரமணிய ஐயரும் கைதானார் என்பதை நோக்கும்போது, இலக்கணம் கொடுக்கும் பாதுகாப்புக்கும் ஓர் எல்லை உண்டு என்று தெரிகிறது. சர்க்காருக்குக் கோபம் வந்துவிட்டால் எச்சமும் முற்றும் ஒன்றுதான்.

1907-இல் இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் வெளியிட்ட ‘ஒரு பைசாத் தமிழன்’ இந்தப் பாதையிலேயே வரவில்லை. அவருடைய வாதம் சர்க்காரோடு அன்று. சாதியோடும், சாதிக்கு ஆதாரமாகக் காட்டப்பட்ட நூல்களோடும். ஆகையால் மகஜரின் பணிவும் அவருக்கு வேண்டியிருக்கவில்லை, பழைய உரையாசிரியர்களைப்போல வினா எழுப்பி விடை கூறி நிறுவுகின்ற முறையே அவருக்கு உகந்ததாயிற்று. கோலார் தங்கவயல் வரையில் சென்ற அந்தப் பத்திரிகையை, எழுத்துத் தெரிந்த ஒருவர் படிக்க மற்றவர்கள் சுற்றியிருந்து கேட்பதற்கு, வினாவும் விடையுமாகப் போகும் அவ்வமைப்பு பொருத்தமாகவே இருந்திருக்கும்.

கேட்பவர்களை உத்தேசித்து எழுதுவதில் அடுத்த பெரிய மாறுதல் திரு. வி. கலியாணசுந்தர முதலியாரிடமிருந்து வந்தது. இராயப்பேட்டை வெஸ்லி கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தவர் அவ்வேலையை விட்டு, 1917 டிசம்பரில் ‘தேசபக்தன்’ தினசரிக்கு ஆசிரியரானார். மறு ஆண்டில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது அதன் மேடைகளில் ஓயாது பேசினார். மேடைப் பழக்கமும் தமிழாசிரியர் பழக்கமும் அவரிடத்தில் ஒன்றுகூடின. வடசொற்களைக் குறைத்தார் என்பதையே எல்லாரும் அவருடைய சாதனையாகச் சொல்கிறார்கள். அதைவிட முக்கியமானது, முற்றுவினையை அடிக்கடி வரவழைத்தார் என்பது. நான்கு சொல்லில் ஒரு வாக்கியம், அதையடுத்து ஒரு கேள்வி, அதற்கு உடனே ஒரு பதில், மீண்டும் ஒரு கேள்வி என்று அவர் நடத்திக்கொண்டு போகும்போது, வாசகர் தலையசைக்கிற நிலையிலிருந்து வாய்விட்டுப் பதில் சொல்லுகிற நிலைக்கு வந்துவிடுகிறார். சில இடங்களில் அது அளவுக்கு மிஞ்சி, கேள்விகளின் ஓசையில் காரணம் காணாமற் போவதும் உண்டு. அவருக்குப் பின் ‘தேசபக்தன்’ பொறுப்பை ஏற்ற வ. வே. சு. ஐயர், அதில் வந்த ஒரு தலையங்கத்துக்காக 1921-இல் சிறை புகுந்து, பெல்லாரிச் சிறையில் கம்பராமாயண ஆராய்ச்சி எழுதினார்.

ஜனங்களை வசப்படுத்தச் சிறிய வாக்கியந்தான் ஏற்றது என்று இதைக்கொண்டு சித்தாந்தம் செய்துவிடலாகாது. அப்படிச் செய்கிறவர்கள் 1925 மே மாதம் ஈரோட்டில் தொடங்கிய ‘குடி அரசு’ வாரப் பத்திரிகையைப் புரட்டிப் பார்க்கவேண்டும். ஈ. வெ. ராமசாமி நாயக்கரின் வாக்கியங்களைப்போல நீளமானவை தமிழ்ப் பத்திரிகை உலகத்தில் சுப்பிரமணிய ஐயர் காலத்திலும் அதிகம் இருந்திரா. ஒரு பத்தி முழுவதும் ஒரே வாக்கியமாகச் செல்லும் இடங்கள் அதில் ஏராளம். இருந்தும் பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர்கள் அவற்றைப் படித்தும் படிக்கக் கேட்டும் விளங்கிக்கொண்டார்கள். அது எவ்வாறு இயன்றது?

சுதேசமித்திரனின் நீண்ட வாக்கியம் குற்றச்சாட்டை ஒளித்துவைப்பதற்காக நீண்டது. குடி அரசின் நீண்ட வாக்கியம் எதிராளிக்கு இனி ஒளிய இடம் இல்லாமற் செய்வதற்காக நீண்டது. ஈரோட்டு மண்டியில் வியாபாரம் பழகியவர், பேரேட்டில் வரவுக் கலத்தை முழுவதும் எழுதிக் கூட்டிய பிறகே பற்றைத் தொடுவதுபோல, மறுதரப்பார் சொல்லக்கூடிய ஒவ்வொன்றையும் ‘என்றும்’, ‘என்றும்’ என்று வரிசையாக ஏற்றி, அவை எல்லாவற்றையும் வாதத்துக்காக ஒப்புக்கொண்டு, பிறகு ‘ஆனால் இதற்கு என்ன பதில்?’ என்னும் வகையில் ஒரே ஒரு கேள்வியால் வாக்கியத்தை மூடிவிடுவார். அந்த ‘என்றும்’கள் ஒவ்வொன்றும் பேச்சில் மூச்சு வாங்கும் இடம். ஆதலால் நீளம் கண்ணுக்குத்தான் தெரிகிறதே தவிர, காதுக்குத் தெரிவதில்லை. சொற்களோ சந்தையில் புழங்குபவை. புணர்ச்சி விதிகளைப் பற்றி அவருக்கு லட்சியமில்லை. பண்டிதர்கள் அவருடைய வாக்கியத்தில் எழுவாய்க்கும் பயனிலைக்கும் பொருத்தமில்லை என்று குற்றம் கண்டுபிடித்துக்கொண்டிருந்த நேரத்தில், அந்த வாக்கியம் தன் வேலையைச் செய்து முடித்துவிட்டது. இன்றைய ஆட்சி ஏன் ஒழியவேண்டும் என்று தலைப்பிலேயே கேட்ட 1933-ஆம் ஆண்டுத் தலையங்கத்துக்காக அவர் மீது ராஜத்துரோக வழக்கு நடந்தது. அந்தத் தலைப்பின் அமைப்பைச் சற்றுக் கவனியுங்கள். ஒழியவேண்டுமா என்று அது கேட்கவில்லை. ஒழியவேண்டும் என்பதைத் தீர்ந்துபோன விஷயமாக வைத்துக்கொண்டு, காரணத்தை மட்டும் விசாரிக்கிறது.

தலையங்கக்காரர்கள் எல்லாருக்கும் பொதுவான உபாயம் ஒன்று இங்கே இருக்கிறது. வாதத்துக்கு உரியதை முற்றுவினையில் வைத்தால் வாசகர் அதைச் சோதிப்பார். பெயரெச்சத்தில் வைத்தால் சோதிக்காமல் தாண்டிப் போவார். ‘மந்திரிகள் வாக்குத் தவறிவிட்டார்கள்’ என்று எழுதினால், எப்போது, எந்த வாக்கு என்ற கேள்வி எழும். ‘வாக்குத் தவறிய மந்திரிகள் இனி எந்த முகத்தோடு ஓட்டுக் கேட்பார்கள்?’ என்று எழுதினாலோ, வாசகர் மந்திரிகளின் முகத்தைப் பற்றி யோசிக்கத் தொடங்கிவிடுகிறார். வாக்குத் தவறியது ருசுவாகாமலே ருசுவாகிவிடுகிறது. எல்லாக் கட்சிப் பத்திரிகைகளும் இதைச் செய்திருக்கின்றன. சட்டத்தில் இதற்குத் தண்டனை கிடையாது; பத்திரிகை தர்மத்தில் இருக்கவேண்டும் என்பது என் கட்சி.

1934 செப்டம்பர் 11-ஆம் தேதி, பாரதியாரின் நினைவு நாளில், டி. எஸ். சொக்கலிங்கத்தை ஆசிரியராகக் கொண்டு ‘தினமணி’ பிறந்தது. 1931-ஆம் ஆண்டின் அவசரப் பத்திரிகைச் சட்டம் ஜாமீன் தொகை கேட்டு மிரட்டிக்கொண்டிருந்த காலம் அது. அவசரமாக மொழிபெயர்த்துத் தரப்படும் செய்திகளில், கூட்டம் கலைக்கப்பட்டது, தடியடி நடத்தப்பட்டது என்று, செய்தவர் பெயர் இல்லாத வாக்கியங்கள் நிரம்பியிருந்தன. தலையங்கம் எழுதுகிறவர் அதே செய்தியை எடுத்துக்கொண்டு செய்வினையாகத் திருப்பி எழுவாயை நிரப்பினாலே போதும். தனியாகக் கண்டனம் தேவையில்லாமற் போய்விடும். 1944 முதல் நெடுங்காலம் அதன் ஆசிரியராக இருந்த ஏ. என். சிவராமன், ‘கணக்கன்’ என்ற புனைபெயரில் பொருளாதார விஷயங்களைப் புள்ளிவிவரங்களோடு எழுதியபோது, ஒரு வாக்கியத்துக்கு ஒரு கருத்து என்ற கட்டுப்பாட்டைக் கையாண்டார். உணர்ச்சியை எழுப்பாமல் இசையச் செய்வதற்கு அதைவிடச் சிறந்த வழி தமிழில் இன்னும் ஏற்படவில்லை.

1942-இல் காஞ்சிபுரத்தில் ‘திராவிட நாடு’ தொடங்கிய அண்ணாதுரை, முற்றுவினையை அதன் ஆசனத்திலிருந்தே எழுப்பி, வாக்கியத்தின் தலைப்பில் கொண்டுவந்து நிறுத்தினார். எழுந்தது கேள்வி, சரிந்தது கோட்டை என்று வினை முன்னும் எழுவாய் பின்னுமாக அமைக்கும் முறை செய்யுளில் பழையதுதான். அரசியல் கட்டுரையில் அதை அன்றாட வழக்காக்கியது அவரும் அவரைப் பின்பற்றியவர்களும். காத்திருத்தல் என்பதே இதில் இல்லை. முடிவு முதலில் முழங்குகிறது. காரணம் பின்னால் வருகிறது, சில சமயம் வராமலும் போகிறது. அதே 1942-இல் மதுரையில் சி. பா. ஆதித்தனார் தொடங்கிய ‘தந்தி’, பேச்சுக்கு அருகிலுள்ள எளிய சிறு வாக்கியத்தைச் செய்திக்கு விதியாக்கிற்று. வாதம் செய்யும் வேலை மெல்ல மெல்லத் தலையங்கத்தை விட்டுத் தலைப்பு எழுத்துக்களுக்கு மாறிய கதை வேறு. அதற்கு இங்கே இடமில்லை.

இந்தச் சரித்திரத்தை ஆராயப் புகும் மாணவர்களுக்கு ஒரு விண்ணப்பம். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உள்ள அரசாங்க மொழிபெயர்ப்பாளரின் அறிக்கைகள் கைக்கு எளிதில் கிடைப்பதால், பலர் அந்த ஆங்கிலச் சுருக்கங்களையே ஆதாரமாகக் கொண்டு, இன்ன பத்திரிகை மிதவாதம் பேசிற்று, இன்னது தீவிரம் பேசிற்று என்று முடிவு கட்டுகிறார்கள். ‘அஞ்சுகிறோம்’ என்று முடிந்த வாக்கியத்தின் வேலை முழுவதும் அதற்கு முன்னாலிருந்த எச்சங்களில் நடந்தது. அவை அந்த அறிக்கைகளில் இல்லை. பழைய சுதேசமித்திரன் இதழ்கள் எல்லாம் இன்று எஞ்சியிருக்கவில்லை. எஞ்சியவையும் தொட்டால் உதிரும் நிலையில் இருக்கின்றன. அவை உதிர்ந்து போவதற்கு முன்பாக மூலத்திலேயே, முழு வாக்கியமாகவே, வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.